ஆற்றங்கரையில் நடக்க விடுங்களேன்

திருவையாற்றில் காவிரிக் கரையோரம் நடப்பது சுகம். மேடு பள்ளம் கிடையாது, மூட்டுவலிக்காரர்களும் நடக்கலாம். ஆனால் புஷ்ய மண்டபப் படித்துறையில் காலை எங்கே வைப்பது? அமாவாசை முடிந்த மறுநாள் போய்ப் பாருங்கள். தர்ப்பணம் கொடுத்தவர்கள் அவிழ்த்துப் போட்ட வேட்டி, ஈரத்தில் படியோடு ஒட்டிக் கிடக்கும். பக்கத்தில் கிழித்த ஷாம்பு பாக்கெட், எள் ஒட்டிய வாழை இலை. பாவம் தொலைகிறதோ இல்லையோ, துணி தொலைவதில்லை. ஜூனில் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தால் எல்லாம் அடுத்த ஊர்ப் படித்துறைக்குப் போகும், அவ்வளவுதான். போதாததற்குப் பின்னாலிருந்து பைக் ஹாரன் வேறு. நடக்கிற இடத்தில் எதற்கய்யா வண்டி? ஜனவரியில் தியாகராஜர் ஆராதனை இசை விழா வந்தால் மட்டும் பளிச்சென்று கூட்டுகிறார்கள். உள்ளூர்க்காரன் மற்ற மாதமெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டுமாக்கும்!