முதலிலேயே எல்லாவற்றையும் ஒதுக்குவது திறமை இல்லை

சனிக்கிழமை கும்பகோணம் பயிற்சி வகுப்பில் இருந்தவர்களுக்கு எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று தெரியும். நெஸ்டட் விஎம்முக்கான (ஒரு மெய்நிகர் கணினிக்குள் ஓடும் இன்னொன்றுக்கான) கர்னல் மெமரியைத் தேவை வரும்போது ஒதுக்குவது "சோம்பேறி நிரல்" என்று மேடையில் சொன்னார்கள். இல்லை. அதுதான் சரியான நிரல்.

லினக்ஸ் கர்னலில் விஎம்களை ஓட்டும் பகுதியான கேவிஎம்மில் ஆர்மேப் (rmap) என்றொரு அட்டவணை. ஒரு பேஜை (மெமரித் துண்டை) ஹோஸ்ட், அதாவது விஎம்மை ஓட்டும் கணினி, திரும்ப எடுக்கும்போது, அதைச் சுட்டும் ஷேடோ பேஜ் டேபிள் (விஎம்முக்காக கேவிஎம் வைத்திருக்கும் முகவரி அட்டவணை) பதிவுகளைக் கண்டுபிடிக்க அதுதான் வழி. 4 கேபி பேஜ் ஒன்றுக்கு 8 பைட். 8 ஜிபி விஎம்முக்கு 16 எம்பி, இருபது விஎம்முக்கு 320 எம்பி. ரேம் நெருக்கடி வந்தாலும் டிஸ்கில் உள்ள ஸ்வாப்புக்குப் போகாது. முகவரி மாற்றத்தை ப்ராசஸரிடமே விடும் டிடிபி எம்எம்யூவில் ஓடும் சாதாரண விஎம்முக்கு இது வேண்டவே வேண்டாம். கெஸ்ட்டுக்குள் (விஎம்முக்குள்) இன்னொரு கெஸ்ட் கிளம்பி முதல் ஷேடோ ரூட் (ஷேடோ பேஜ் டேபிளின் உச்சிப் படி) உருவாகும்போதுதான் வேண்டும். 2021-இல் வந்த லினக்ஸ் 5.14 முதல் அப்போதுதான் ஒதுக்குகிறார்கள். நாற்றே விடாத வயலுக்கு நம் ஊரில் யாரும் மடை திறப்பதில்லை.

"மொத்த ரேமில் அது 0.2 சதவீதம்தானே?" என்பீர்கள். கெஸ்ட் தன் ரேமைத் தொடத் தொடத்தான் ஹோஸ்ட்டின் ரேம் செலவாகிறது. ஆர்மேப்பை முன்கூட்டி ஒதுக்கினால், தொடாத ரேமுக்கும் சேர்த்து முழுதாகப் போய்விடும்.

ஓடும்போது மெமரி கிடைக்காவிட்டால்? இந்தக் கேள்வி நியாயம். விஎம்மை இயக்கும் நிரலான க்யூஇஎம்யூ அந்த விஎம்மை நிறுத்திவிடும், உள்ளே நடந்த வேலை பாதியில் நிற்கும். ஒருமுறை ஒதுக்கியது விஎம் அணையும்வரை திரும்பாது என்பதும் உண்மை. ஒதுக்கீடு அந்த விஎம்மின் சிகுரூப் (மெமரி வரம்பு வைக்கும் லினக்ஸ் வசதி) கணக்கில் ஏறுவதால், அந்த வரம்பை ரேம் அளவோடு ஒட்டி வைக்காமல் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள்.

ஆனால் சோம்பேறித்தனம் என்ற சொல்தான் மனதை அறுக்கிறது. தேவை வரும்போது ஒதுக்குவதில்தான் வேலை அதிகம். பேஜ் டேபிள்களைக் காக்கும் எம்எம்யூ லாக்கைப் பிடித்துக்கொண்டு, தூங்கக்கூடிய (மெமரிக்காகக் காத்திருக்கக்கூடிய) ஒதுக்கீட்டைச் செய்ய முடியாது. தனி மியூடெக்ஸ் (தூங்க அனுமதிக்கும் பூட்டு) வேண்டும். எல்லா மெம்ஸ்லாட்டுக்கும் (விஎம் ரேமின் ஒவ்வொரு பகுதிக்கும்) ஆர்மேப் தயாரான பிறகே "ஷேடோ ரூட் உண்டு" என்ற குறியை ஸ்டோர் ரிலீஸோடு (முன்பு எழுதியவை முதலில் தெரியும்படி) எழுத வேண்டும். வரிசை மாறினால், இன்னும் ஒதுக்காத ஆர்மேப்பை இன்னொரு விசிபியு (விஎம்மின் மெய்நிகர் ப்ராசஸர்) தொட்டுவிடும். தொடக்கத்திலேயே அள்ளி ஒதுக்குவதில் இதில் ஒரு தலைவலியும் கிடையாது.

மயிலாடுதுறையிலிருந்து பஸ் ஏறி வந்த பெண் கேட்டாள்: "உள்ளே விஎம் ஓட்டாதவங்களுக்கும் ஏன் சார் எடுக்கணும்?" சிலபஸில் இல்லாததைக் கேட்காதே என்று உட்கார வைத்தார்கள். அவள் அதன்பிறகு நோட்டைத் திறக்கவில்லை. லினக்ஸ் 5.14-இல் அந்த மாற்றத்தை எழுதியதற்கே காரணம் இதே கேள்விதான்.

தங்கச்சி, இதைப் பார்த்தால் கர்னல் மூலநிரலில் கேவிஎம்மின் எக்ஸ்86 எம்எம்யூ கோப்பைத் திறந்து, முதல் ஷேடோ ரூட் ஒதுக்கும் ஃபங்ஷனைப் படிம்மா. சந்தேகம் வந்தால் இங்கேயே கேள்.