ராச்டேல் கடையையும் சொல்லியிருக்கலாம்

தொழிற்புரட்சி பற்றி நான் படித்த கட்டுரை, அதன் துன்பங்களுக்கு ஆலைகளில் குழந்தைகளின் வேலை நேரத்துக்கு வரம்பு வைத்த பிரிட்டனின் 1833 தொழிற்சாலைச் சட்டம்தான் மருந்து என்பதுபோல் முடிகிறது. சரி, சட்டம் முக்கியம்தான். ஆனால் தொழிலாளர்கள் தாங்களே செய்தது எங்கே? 1844 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேலில் நெசவாளர்களும் மற்றவர்களுமாக 28 பேர், ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டு ஒரு கூட்டுறவுக் கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவர்த்தி, அவ்வளவுதான் சரக்கு. மாவில் சுண்ணாம்பும் படிகாரமும் கலந்து விற்ற காலம் அது. இவர்கள் கடையில் கலப்படம் கிடையாது, எடை குறையாது. லாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுத்தார்கள். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. பெண் உறுப்பினர்களுக்கும்தான்! நாடாளுமன்றத் தேர்தலில் அந்த நாட்டுப் பெண்கள் ஓட்டுப் போட 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் 30 வயது தாண்டியவர்களில் ஒரு பகுதியினர் மட்டும்.