பருக்குழிக்கு ரோலரும் எலுமிச்சையும்

"1.5 மி.மீ டெர்மாரோலரை வாரம் ஒருதரம் வீட்டிலேயே உருட்டி எலுமிச்சைச் சாறு தடவுங்க, ஒரே மாசத்துல பருக்குழி மேடாயிடும்" என்று, பருக்குழிக்கு வழி கேட்ட ஒரு தம்பிக்கு ஒருவர் சொல்லியிருப்பது தப்பு. டெர்மாரோலர் என்பது தோலில் உருட்டிக் குத்தும் நுண்ணூசி உருளை. அதுவும் பாம்பன் வெயிலில் படகேறுகிற அந்தத் தம்பிக்குச் சொன்னது ரொம்பத் தப்பு.

குழி மேலெழும்புவது, தோலைத் தாங்கும் புரதமான கொலாஜன் புதிதாக ஊறுவதால். அதற்கு 3 முதல் 6 மாதம் பிடிக்கும். அதனால்தான் டாக்டர்கள் 4 முதல் 6 வாரம் இடைவெளி விடுகிறார்கள். வாராவாரம் குத்தினால் ஆறுவதற்குள் திரும்பவும் புண்தான். சீழ்ப்பரு மேல் உருட்டினாலோ, கிருமி முகமெங்கும் பரவும்.

எலுமிச்சை இன்னும் மோசம். குத்திய தோலில் அந்தச் சாறும் வெயிலும் சேர்ந்தால் வெந்து கறுக்கும். நம் மாநிறத்தில் அந்தக் கறை மாதக்கணக்கில் நிற்கும். குழியே தேவலை என்றாகிவிடும்!

எல்லாக் குழிக்கும் ஒரே வைத்தியமும் இல்லை. கண்ணாடி முன் நின்று கன்னத்தை இரு விரலால் இழுத்துப் பாருங்கள். பள்ளம் மறைந்தால், அடியில் நார் பிடித்து இழுக்கிறது என்று பொருள். ஊசியை உள்ளே விட்டு அதை அறுத்துவிடும் சப்சிஷன் பலன் தரும். ஆணி குத்தினாற்போல் குறுகி ஆழமாயிருந்தால் ரோலர் பெரிதாக உதவாது. டிசிஏ (ட்ரைகுளோரோ அசிட்டிக்) என்ற கடும் அமிலத்தை டாக்டர்கள் குச்சி நுனியால் குழிக்குள் மட்டும் வைப்பார்கள், தொட்ட இடம் வெள்ளையாகப் பூக்கும். அதை வீட்டில் முயலவே கூடாது.

காயம் பட்ட இடமெல்லாம் தழும்பு தடித்து வளர்கிறவர்கள் ஊசிப் பக்கமே போகுமுன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் சிகிச்சைக்குப் பிறகு எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை 2 மணிக்கொருதரம் பூசணும், வியர்த்தால் அதற்கு முன்பே. கடலிலிருந்து வெயில் திருப்பி அடிக்கும், தொப்பி மட்டும் போதாது.