"நீ என்ன பண்ணினே?"

என் மகளை வகுப்பில் நாலைந்து பேர் மூன்று மாதமாகச் சீண்டியிருக்கிறார்கள். பையை ஒளித்து வைப்பது, பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது, விளையாட்டில் சேர்க்காமல் விடுவது. எனக்கு நான்காவது மாதம்தான் தெரிந்தது. ஏன்மா சொல்லலை என்றேன். "ஒரு நாள் சொன்னேன்ப்பா. நீ என்ன பண்ணினேன்னு என்னையே கேட்டீங்க." எனக்கு அது நினைவிலேயே இல்லை. அப்போது நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது வரை அவளுக்கு நினைவிருந்தது.

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1970களிலேயே ஸ்காண்டிநேவியப் பள்ளிகளில் இதை ஆராயத் தொடங்கியவர் டான் ஒல்வேயஸ். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பலம் சமமாக இல்லாதது: இந்த மூன்றும் சேர்ந்தால்தான் புல்லியிங் என்றார். அந்த மூன்றாவதை நாம் மறந்துவிடுகிறோம். மறந்துவிட்டுத்தான் "நீயும் திருப்பி அடி" என்கிறோம். திருப்பி அடிக்க முடிகிற பிள்ளையைத் தேடிப்பிடித்து யாரும் சீண்டுவதில்லை.

அடிக்கிற பையன்களின் வீடுகளையும் அவர் பார்த்தார். பாசம் குறைந்த வளர்ப்பு, அடியும் மிரட்டலும், பிள்ளை பிறரை அடித்தால் கண்டுகொள்ளாமல் விடுவது. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். அடிபடுகிற பிள்ளைகளின் வீடு பற்றிப் படித்தபோதுதான் உறுத்தியது. 70 ஆய்வுகளை, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை, ஒன்றாக வைத்துப் பார்த்து 2013இல் ஒரு கட்டுரை வந்தது. கடுமையான வளர்ப்போடு, பொத்திப் பொத்தி வளர்ப்பதும் சீண்டலுக்கு ஆளாவதோடு தொடர்புடையது என்கிறது அது. எல்லாச் சண்டையையும் நாமே தீர்த்துவைத்தால், "வேண்டாம்" என்று சொல்லிப் பழகப் பிள்ளைக்கு இடம் ஏது? வளர்ப்போடு மிக வலுவான தொடர்பு தெரிந்தது, அடி வாங்கவும் செய்து அடிக்கவும் செய்கிற பிள்ளைகளிடம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தத் தொடர்பு விதி அல்ல. அன்பான வீட்டுப் பிள்ளைகளும் மாட்டிக்கொள்கிறார்கள். வகுப்பறையில் நடப்பதற்குப் பள்ளிதான் பொறுப்பு. "வீட்டில் சரியில்லை" என்று கைகழுவ அதற்கு உரிமை கிடையாது. ஆனால் அடிபட்ட பிள்ளை தேறுவதில் வீட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. பிரிட்டனில் 1,100க்கும் மேற்பட்ட இரட்டையர் ஜோடிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. அம்மாவின் அரவணைப்பு, கூடப்பிறந்தவர்களின் பாசம், வீட்டில் நல்ல சூழல் இருந்த பிள்ளைகள், சீண்டப்பட்ட பிறகும் ஓரளவு நன்றாகவே இருந்தார்கள். ஒரே மரபணு கொண்ட இரட்டையரில்கூட, கூடுதல் அரவணைப்பு கிடைத்த பிள்ளையிடம் நடத்தைச் சிக்கல்கள் குறைவு.

கூடப்பிறந்தவர்கள் என்று படித்ததும் நின்றுவிட்டேன். "அதுங்களுக்குள்ள அடிச்சுக்கும், சேர்ந்துக்கும்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! எப்போதும் ஒரே பிள்ளைதான் அழுகிறதா என்று ஒரு நாளும் கவனித்ததில்லை.

கவனித்தேன். வகுப்பில் தனக்கு வைத்த அதே பட்டப்பெயரால்தான் மகள் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "என்னப்பா நடக்குது?" என்று கேட்டேன். பதில் சொல்லும் முன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.