கௌபாய் படத்தில் மாடல் தப்பு பெரிய தப்பே இல்லை

கௌபாய் படத் துப்பாக்கி என்றதும் எல்லோரும் மாடலையும் ஆண்டையும்தான் பிடித்துக்கொள்கிறார்கள். 'ஸ்டேஜ்கோச்' (1939) கதை நடப்பது 1880-இல். ஜான் வெய்ன் கையில் சுழல்வதோ 1892-இல்தான் வந்த வின்செஸ்டர் 1892 ரைஃபிள். கண்டுபிடிப்பது சுலபம். கதைக் காலத்துக்குப் பொருந்தும் வின்செஸ்டர் 1873 மாடலின் பக்கவாட்டில் தனித் தகடு ஒன்று இருக்கும். 1892-இல் பக்கம் மொழுமொழுவென்று இருக்கும். விசையைச் சுற்றியுள்ள லீவரை (தோட்டா ஏற்றும் கைப்பிடி) இறக்கினால் பின்னால் இரண்டு பூட்டுக் கட்டைகள் கீழே இறங்கும்.

இதை மன்னித்துவிடலாம். 1892 லேசானது, உறுதியானது, பத்து லட்சத்துக்கு மேல் தயாரானது. போதாததற்கு ஹாலிவுட்டில் 'ஃபைவ் இன் ஒன்' என்று குண்டில்லாத வெற்றுத் தோட்டா ஒன்று உண்டு. .38-40, .44-40, .45 கோல்ட் என்ற மூன்று தோட்டா அளவு ரிவால்வர்களுக்கும், முதல் இரண்டு அளவு ரைஃபிள்களுக்கும் அது ஒன்றே போதும். ஐம்பது பேர் சுடும் காட்சியில் தோட்டா மாறிப்போகும் தலைவலி கிடையாது.

'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) விவகாரம் வேறு. கதை நடக்கும் 1862-இல் கோல்ட் நேவி ரிவால்வருக்கு உலோகத் தோட்டாவே இல்லை. சிலிண்டரை (குண்டு அறைகள் உள்ள சுழல் உருளை) முழுக்கத் துளைத்துப் பின்பக்கமாகத் தோட்டா போடும் முறை, ரோலின் வைட்டின் காப்புரிமையால் 1869 வரை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற போட்டி நிறுவனத்தின் பிடியில் இருந்தது. கோல்ட் வைத்திருந்தவர் ஒவ்வொரு அறையிலும் மருந்து கொட்டி, ஈயக் குண்டை வைத்து, குழலுக்கு அடியிலுள்ள நெம்புகோலால் இறுக்கி, மேலே கொழுப்பு தடவி, பின்னால் கேப் (அடித்தால் தீப்பொறி தரும் சின்ன உலோக மூடி) மாட்ட வேண்டும். குண்டு அறையைவிட மயிரிழை பெரிது; இறங்கும்போது மெல்லிய ஈய வளையம் சீவி விழ வேண்டும். விழாவிட்டால் குண்டு தளர்வு என்று அர்த்தம். பக்கத்து அறைக்கும் தீ பாயலாம். வெடித்த கேப்பின் துணுக்கு உள்ளே சிக்கினால் சிலிண்டர் சுற்றாது. படத்தில் போல இடுப்பில் பளபளக்கும் தோட்டா வரிசையைக் கட்டிவிட்டால் இத்தனை பதற்றமும் கதையிலிருந்து போய்விடுகிறது.

எனக்கு உண்மையான எரிச்சல் புகை விஷயத்தில்தான். அந்தக் காலத்து வெடிமருந்தான கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடத் துகளாகவே மிஞ்சும். .45 கோல்ட்டில் ஆரம்பத்தில் 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம் மருந்து. சலூனுக்குள் நாலு பேர் சுட்டால் எதிராளி முகமே தெரியாது. படத்தில் புகை வருகிறது, அடுத்த ஷாட்டில் மாயம்! ஒவ்வொரு ஷாட்டையும் தனித்தனியாக எடுத்து ஒட்டுவதால் வரும் வினை. நடுவில் கொஞ்சம் புகை போட்டால் தீர்ந்தது.

ஆறு குண்டில் எட்டு முறை சுடும் கூத்தும் உண்டு. கவனமானவர்கள் போட்டது ஐந்துதான்: ஒன்று போட்டு, ஒன்று விட்டு, நாலு போட்டு, ஹேமரை (தோட்டாவை அடிக்கும் சுத்தியல்) முழுக்க இழுத்து மெதுவாக இறக்கினால் அது காலி அறை மேல் உட்காரும். தோட்டா மேல் உட்கார்ந்திருந்தால், துப்பாக்கி கைதவறி விழுந்தாலே வெடித்துவிடலாம்.