குண்டு பல்பு சினிமா

எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். 1986இல் நான் ஐந்தாம் வகுப்பு. முழுப் பரீட்சை லீவு விட்டால் எங்கள் வீட்டு உள்ளறைதான் தியேட்டர். பியூஸ் போன குண்டு பல்பின் அடிப்பக்கத்தைப் பதமாகத் தட்டி, உள்ளே இருக்கும் கம்பியை உருவிவிட்டுத் தண்ணீர் நிரப்புவோம். அதுதான் லென்ஸ். ஒருத்தன் வெளியே வெயிலில் முகம் பார்க்கும் கண்ணாடியோடு நிற்பான். ஜன்னல் சந்து வழியாக ஒளி உள்ளே பாயும். பெட்டிக்கடையில் வாங்கிய பிலிம் துண்டைப் பல்புக்கு அருகே தலைகீழாகப் பிடித்தால், அப்பாவின் வேட்டியில் படம் நேராக விழும். கண்ணாடிக்காரன் பாவம், அவனுக்குப் படம் தெரியாது. சத்தம் மட்டும்தான்.

நிஜ சினிமாவில் நொடிக்கு 24 கட்டம் ஓடும். எங்களிடம் இருந்ததோ ஒரே கட்டம். மீதியை வாயால்தான் ஓட்டினோம். சண்டை, பாட்டு, குதிரைக் குளம்பு, ஒப்பாரி எல்லாம். அது எந்தப் படத்துத் துண்டு என்று யாருக்கும் தெரியாது. அதனால் தினம் ஒரு கதை.

வயசானால் கற்பனை வற்றிவிடும் என்கிறார்கள். நான் நம்பவே மாட்டேன். நடக்காத சண்டைக்கு ராத்திரி முழுக்கப் படுத்தபடி வசனம் எழுதுகிறோமே, மேனேஜர் இப்படிக் கேட்பார், நான் அப்படிச் சொல்வேன் என்று, அது வேறென்ன? சரக்கு அப்படியேதான் இருக்கிறது. மொத்தத்தையும் கவலைக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். கையால் ஏதாவது செய்ய உட்கார்ந்தால் மட்டும் “இதனால என்ன பிரயோஜனம்?” என்று முதலில் கேட்பது நாமேதான்.

அரவிந்த் குப்தாவை நினைத்துக்கொள்கிறேன். கான்பூர் ஐஐடியில் படித்த இன்ஜினியர், லாரி கம்பெனியில் வேலை. 1978இல் லீவு போட்டுவிட்டு, மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்கான அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போனார். அங்கே சைக்கிள் வால்வு டியூப்பைத் துண்டு துண்டாக வெட்டி, தீக்குச்சிகளை அதில் செருகி முக்கோணம், சதுரம், வீடு என்று கட்டினார். பிறகு குப்பையிலிருந்து பொம்மை செய்வதே அவர் வாழ்க்கையானது. 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, வளர்ந்த ஒரு மனுஷன் தீக்குச்சியும் டியூப்புமாகத் தரையில் உட்கார்ந்த அந்த நாள்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குக் குண்டு பல்பு சினிமா காட்ட உட்கார்ந்தேன். வீடு முழுக்க எல்இடி, அதில் எங்கே தண்ணீர் ஊற்றுவது? பரணைக் குடைந்ததில் பழைய பல்பு ஒன்று அகப்பட்டது. பிலிமுக்கு வழியில்லை, தியேட்டர்களெல்லாம் டிஜிட்டலாகி எத்தனையோ வருஷமாச்சு. மகளே பரிசுப் பொட்டலத்தின் கண்ணாடித் தாளை வெட்டி, மார்க்கரால் ஒரு யானை வரைந்தாள். துதிக்கை கொஞ்சம் நீளம்.

கண்ணாடி பிடிக்க ஆளில்லை. அம்மாவுக்கு 74 வயசு. “குடுடா இங்க” என்று வாங்கிக்கொண்டு வாசல் வெயிலில் போய் நின்றார். சுவரில் மங்கலாக ஏதோ அசைந்தது. பல்பை ஒரு விரற்கடை முன்னால் தள்ளினேன். யானை வந்து நின்றது, அம்மாவின் கை நடுக்கத்துக்கு ஏற்ப ஆடிக்கொண்டே.

“என்னடா படம் ஓடுது?”

“யானை, பாட்டி!”

வாசலிலிருந்து ஒரு பிளிறல் வந்தது.