குழந்தை அழுததா?

பிரசவ அறை வாசலில் நிற்பவர்கள், ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு முன் ஓர் அழுகுரலுக்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். என் அக்கா மகன் பிறந்தபோது அது வரவில்லை. செவிலியர் ஒருவர் துணிச்சுருளை நெஞ்சோடு அணைத்தபடி எங்களைத் தாண்டி ஓடினார். பிறகு வந்த மருத்துவர், "மூச்சு வந்துவிட்டது. மூளைக்கு என்ன ஆயிற்று என்று இப்போது சொல்ல முடியாது" என்றார்.

அதனாலேயே, ஒரு சொட்டு ரத்தத்தில் மூளைக் காயத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற செய்தி எங்கே வந்தாலும் எனக்கு அனுப்பிவிடுகிறார்கள். செய்தி பொய்யில்லை, அவசரப்படுகிறது. மூளைச் செல்கள் சிதைந்தால் ஜி.எஃப்.ஏ.பி., யு.சி.எச்.எல்.1 போன்ற புரதங்கள் ரத்தத்தில் கலக்கும். தலையில் அடிபட்ட பெரியவர்களுக்கு இவற்றை அளந்து பார்க்க அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018இலேயே அனுமதித்துவிட்டது. பச்சைக் குழந்தையின் கதை வேறு. மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் ஓடும் ரத்தமே கால் லிட்டர்தான், ஒரு டம்ளர். நினைத்தபோதெல்லாம் எடுக்க முடியுமா? நேரமும் இல்லை. மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தையின் மூளைச் சேதத்தைக் குறைக்க, உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸுக்கு இறக்கி 72 மணி நேரம் வைத்திருக்கும் குளிரூட்டல் சிகிச்சையைப் பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். சில புரதங்கள் ரத்தத்தில் ஏறவே அதைவிட நேரமாகும்.

அந்தச் சிகிச்சையும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் பலிக்கவில்லை. இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் நடந்த 'ஹீலிக்ஸ்' ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. குளிரூட்டலுக்கு ஒதுக்கிய 202 குழந்தைகளில் 84 பேர் இறந்தார்கள். குளிரூட்டாத 206 பேரில் 63 பேர். பணக்கார நாடுகளில் உயிர் காத்த முறை இங்கே ஏன் திரும்பிக் கடித்தது? காயம் பிரசவத்தின்போது ஏற்படாமல், அதற்கு முன்பே கருப்பையில் அவ்வப்போது நேர்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. அப்படியானால் பிறந்த பிறகு குளிரூட்டுவது காலம் கடந்த வேலையாகிவிடும். ஆகவே எவ்வளவு காயம் என்று சொல்லும் பரிசோதனையைவிட, எப்போது ஏற்பட்ட காயம் என்று சொல்லும் பரிசோதனைதான் நமக்கு முதலில் வேண்டும் என்பேன். ரத்தத்தில் எந்த மரபணுக்கள் விழித்து வேலை செய்கின்றன என்று பார்க்கும் ஆய்வுகள் அந்தத் திசையில் போகின்றன. பணத்தை அங்கே கொட்டுங்கள்.

அந்த 'எப்போது' மருத்துவருக்கு மட்டும் தேவைப்படுவதில்லை. கிரகணத்தன்று வெளியே வந்தாயா என்று அக்காவிடம் கேட்டவர்கள் உண்டு. அவர்களை அவள் பொருட்படுத்தவில்லை. ஆனால் பையனுக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடும்போது, "வலி எடுத்தவுடனே கிளம்பியிருக்கலாம்" என்று இன்னமும் சொல்கிறாள்.